மறதிதான் வந்திருக்கிறது, வாய் போய்விடவில்லை

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

எனக்கு வயது 66. சேலம் அம்மாப்பேட்டையில் பல வருடமாக வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். வீட்டுக்காரர் இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு பையன்கள். பெரியவன் குடும்பத்தோடு கோயம்புத்தூரில் இருக்கிறான். சின்னவன் எங்களோடு இருக்கிறான். அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

போன வருடம் ஆடியில்தான் எனக்கே சந்தேகம் தட்டியது. கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குத் துணி குவிகிற நேரம். அளவு ஜாக்கெட்டைப் பக்கத்திலேயே விரித்து வைத்திருப்பேன். டேப்பை வைத்து அளந்து, சாக்கட்டியை எடுத்துத் துணியில் கோடு போடுவதற்குள் நம்பர் போய்விடும். திரும்ப அளப்பேன், திரும்பப் போய்விடும். பழகினவர்கள் பேர்கூட வாயில் வராது. பால்காரருக்கு ஒரே மாதத்துக்கு இரண்டு தடவை பணம் கொடுத்திருக்கிறேன். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர், அல்சைமர் ஆரம்ப நிலை என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, பெரியவனிடம் சொன்னார். நானும் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். "இனிமே அம்மாவை எதுவும் செய்ய விடாதீங்க, ரெஸ்ட்ல இருக்கட்டும்" என்றார்.

கொஞ்ச நாள் அழுதேன். அப்புறம், அழுதுகொண்டே இருந்தால் இருக்கிற தெளிவும் வீணாகிவிடும் என்று தோன்றியது. என்னிடம் தொழில் கற்றுக்கொண்ட பெண் பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். இப்போது கட்டிங் அவள், மிஷின் நான். வெட்டின துண்டுகளை ஜாக்கெட்டுக்கு ஒரு கவராகப் போட்டு, யாருடையது, கை நீளம் எவ்வளவு, கழுத்து என்ன மாடல், லைனிங் உண்டா என்று பெரிய எழுத்தில் சீட்டு எழுதிப் பின் குத்திக் கொடுத்துவிடுவாள். முடிக்க முடிக்க நான் டிக் போடுவேன். விடிந்ததிலிருந்து பதினோரு மணி வரை தலை தெளிவாக இருக்கிறது, அந்த நேரத்தில் மட்டும் தைக்கிறேன். பெடலில் கால் பட்டதும் கை தானாக ஓடுகிறது அம்மா. எம்மிங், ஹூக் வைப்பது, காஜா எடுப்பது எதற்கும் யோசிக்கவே வேண்டியதில்லை. தினசரி காலண்டரில் தாள் கிழிப்பது என் வேலை, வேறு யாரும் தொடக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். சாயங்காலமானால் மூளை களைத்துவிடும். அப்போது ஆள் வந்தால் திணறுவேன்.

இந்த நோயோடு எனக்குக் குடும்பம் நடத்தத் தெரிகிறது. வீட்டோடுதான் முடியவில்லை. சின்னவன் கல்யாணம் முடியும்வரை யாருக்கும் தெரியக் கூடாது என்கிறார்கள். போன மாதம் பெண் வீட்டார் ஒருவர் சாயங்காலம் வந்தார்கள். பெண்ணின் அம்மாவிடம், "எந்த ஊரும்மா உங்களுக்கு?" என்று கேட்டேன். பதில் சொன்னார்கள். கொஞ்ச நேரம் கழித்து அதையே கேட்டுவிட்டேன் போல. உடனே எங்க வீட்டுக்காரர், "அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அந்தம்மா கிளம்புகிறவரைக்கும் என்னிடம் கத்திக் கத்திப் பேசினார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறதிதான் வந்திருக்கிறது, வாய் போய்விடவில்லையே?

நான் வெளியே சொல்லலாமா? பிள்ளைகளுக்கும் இது வருமா? வருடா வருடம் காபிப் பழம் எடுக்கும் சமயத்தில் ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவேன். இந்தத் தடவை கூடாது என்கிறார்கள். அடுப்புப் பக்கமும் விடுவதில்லை. இப்போது இருக்கும் வீடு என் பேரில் இருக்கிறது. "பவர் எழுதிக் குடுத்துடும்மா, பின்னாடி நாங்க பார்த்துக்கறோம்" என்கிறான் பெரியவன். அவன் கெட்டவன் இல்லை. எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை.

இப்படிக்கு,
அம்மாப்பேட்டை வாசகி

*

அன்புள்ள அம்மா,

இந்தப் பதிலை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். ஐயாவும் பிள்ளைகளும் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கட்டும்.

முதலில் அந்த "ரெஸ்ட்" பற்றி. நோய் இருப்பது தெரிந்த அன்றைக்கே ஒருவரை எல்லா வேலையிலிருந்தும் இறக்கி வைப்பது உலகம் முழுக்க நடக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கேட் ஸ்வாஃபர் என்பவருக்கு 2008இல், ஐம்பது வயது நிறைவதற்கு முன்பே டிமென்ஷியா என்று தெரிந்தது. நினைவும் சிந்திக்கும் திறனும் குறைந்துகொண்டே போகும் நோய்களுக்குப் பொதுப் பெயர் அது, அல்சைமர் அதில் ஒரு வகை. வேலையை விடுங்கள், படிப்பை விடுங்கள், இருக்கிற காலத்தை வீட்டில் கழியுங்கள் என்றுதான் அவருக்கும் சொன்னார்கள். அவர் விடாமல் படித்துப் பட்டம் வாங்கினார். டிமென்ஷியா உள்ளவர்கள் தாங்களே சேர்ந்து நடத்தும் சர்வதேச அமைப்பு ஒன்றை 2014இல் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அவருக்கு மெதுவாகப் போனதுபோல் உங்களுக்கும் போகும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. இந்த நோய் ஆளுக்கு ஒரு வேகத்தில் போகும். ஆனால் செய்ய முடிகிற வேலையை இன்றைக்கே பிடுங்கிவிடுவதால் அந்த வேகம் குறையப்போவதில்லை. உங்கள் நாள்தான் வெறுமையாகும்.

அளந்த நம்பர் சாக்கட்டி எடுப்பதற்குள் போய்விடுகிறது, ஹூக் வைக்கும் கை மட்டும் தடுமாறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அல்சைமர் பொதுவாக முதலில் தாக்குவது ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியையும் அதை ஒட்டிய இடங்களையும். இப்போது பார்த்ததை, இப்போது கேட்டதைப் பதிய வைப்பது அங்கேதான் நடக்கிறது. வருடக்கணக்கில் செய்து செய்து கைக்குப் பழகிய வேலை மூளையின் வேறு பகுதிகளில் இருக்கிறது, அங்கே நோய் தாமதமாகத்தான் வரும். யாரும் சொல்லித் தராமலே கட்டிங்கை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு மிஷினை நீங்கள் வைத்துக்கொண்டீர்களே, நானாக இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். பின்னால் ஒரு நாள் கை பொருத்துவது குழப்பினால் அதையும் அவளிடம் கொடுத்துவிட்டு எம்மிங்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதை அவளிடம் இப்போதே பேசி வையுங்கள். அந்த நாளில் பேசுவது இருவருக்கும் கஷ்டம்.

வெளியே சொல்லலாமா என்று கேட்டீர்கள். சொல்லுங்கள். என் கருத்தில் உங்கள் கேள்விகளில் இதுதான் தலையானது. மற்றதெல்லாம் இதோடு சேர்ந்து தானே வழிக்கு வரும்.

காது மந்தம் என்று ஐயா சொன்னது உங்களைக் காப்பாற்றத்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதைக் காப்பாற்ற இனி வீடே நடிக்க வேண்டும். ஆள் வரும்போதெல்லாம் உங்களை உள்ளே அனுப்ப வேண்டும், கடைக்கு விடக் கூடாது, விசேஷத்துக்கு அழைத்துப் போகக் கூடாது. கொஞ்ச நாளில் நீங்களே வெளியே வரப் பயப்படுவீர்கள். மனிதர்களோடு பேச்சு குறைவது இந்த நோய்க்கு நல்லதே இல்லை. மனச்சோர்வு வந்தால் மறதி இன்னும் கூடியதுபோல் தெரியும்.

சொன்னால் என்ன நடக்கும் என்று பாருங்கள். பால்காரருக்குத் தெரிந்திருந்தால், "இந்த மாசம் குடுத்துட்டீங்கம்மா" என்று அன்றைக்கே திருப்பிக் கொடுத்திருப்பார். துணி கொடுக்க வருகிறவர்கள், அவசரம் என்று சாயங்காலத்தில் வந்து நிற்க மாட்டார்கள். எல்லோரிடமும் ஒரே நாளில் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீடு, பால்காரர், மருந்துக்கடை, வழக்கமாகத் தைக்கக் கொடுப்பவர்கள் என்று தொடங்குங்கள். நீட்டி விளக்கவும் வேண்டாம். "எனக்கு மறதி நோய் ஆரம்பிச்சிருக்கு. மாத்திரை சாப்பிடறேன். பேரு வரலைன்னா நீங்களே சொல்லிடுங்க, கேட்டதையே கேட்டா கோவிச்சுக்காதீங்க." இவ்வளவு போதும். சிலர் பரிதாபமாகப் பார்ப்பார்கள், ஒன்றிரண்டு பேர் வருவதைக் குறைத்துக்கொள்வார்கள். அது வலிக்கும். ஆனால் தெருவில் நாலு பேருக்கு உங்களைத் தெரிந்திருப்பது, ஒரு நாள் நீங்கள் வழி தவறினால் கையைப் பிடித்து வீட்டில் விடும் நாலு பேர் இருப்பது, எந்த மாத்திரையிலும் கிடைக்காது.

பெண் வீட்டாருக்கு? முதல் தடவை காபி சாப்பிட வரும்போதே சொல்ல வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இரு பக்கமும் மனம் ஒத்து, நிச்சயத்துக்கு நாள் பார்ப்பதற்கு முன் சொல்லியாக வேண்டும். சின்னவர் தானே சொல்லட்டும், நீங்களும் உடன் இருங்கள், காலை நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். வரப்போகும் பெண் உங்களோடு ஒரே வீட்டில் வாழப்போகிறவள். தாலி கட்டிய பிறகு தெரிந்தால், தன்னிடம் மறைத்தார்கள் என்ற கசப்பு உங்கள் மேல் வரும். இதனால் ஒரு வரன் தட்டிப் போகலாம். போனாலும், அறிந்தே வருகிற பெண்தான் அந்த வீட்டுக்கு வேண்டும் என்று நினைக்கிறேன்.

பிள்ளைகளுக்கு வருமா என்பதை அவர்களும் கேட்பார்கள். 65 வயதை ஒட்டியோ அதற்குப் பிறகோ தொடங்கும் அல்சைமர் பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து நேரே இறங்குவதில்லை. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வாய்ப்பு ஓரளவு கூடும், அவ்வளவுதான். ஒரே மரபணு மாற்றத்தால் தலைமுறை தலைமுறையாக வருவது மிக அரிது, அது 65க்கு வெகு முன்பே, சில குடும்பங்களில் நாற்பதுகளிலேயே தலைகாட்டும். லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, நாம் மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சொல்கிறது. எல்லாவற்றையும் சரிசெய்ய முடிந்தால் உலகில் டிமென்ஷியாவில் சுமார் 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, உடல் உழைப்பின்மை, தனிமை, கேட்கும் திறன் குறைவது எல்லாம் அதில் வருகின்றன. பையன்கள் இப்போதிருந்தே ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளட்டும். நீங்களும் காது, கண் இரண்டையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். சரியாகக் கேட்காததும் தெரியாததும் மறதி போலவே தோன்றும்.

அடுத்து அந்தப் பவர். பெரியவர் நல்லெண்ணத்தில்தான் கேட்கிறார். ஆனால் அவர் நினைக்கிற காரியத்துக்கு அது உதவாது. எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவு இழந்துவிட்டால் அந்த அதிகாரமும் முடிந்துவிடும் என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 201ஆம் பிரிவு. எந்த நாளுக்காகப் பவர் வாங்குகிறாரோ, அந்த நாளில் அது செல்லாது. பலருக்கு இது தெரிவதில்லை. நீங்கள் செய்ய வேண்டியது வேறு. வீட்டை யாருக்கு, எப்படி என்று உயில் எழுதுங்கள். நோய் இருக்கிறது என்பதாலேயே உயில் எழுதும் உரிமை போய்விடாது, எழுதும்போது தெளிவு இருந்தால் செல்லும். அன்றைய தேதியில் டாக்டரிடம் ஒரு சான்று வாங்கி வைத்து, இரண்டு சாட்சிகளோடு பதிவும் செய்துவிட்டால் பின்னால் தகராறு வருவதற்கான வாய்ப்பு குறையும். வங்கிக் கணக்கை ஐயாவோடு, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கும் கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். நினைவாற்றல் கோளாறையும் சேர்த்துக்கொள்ளும் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், எனக்கு எப்படிச் சிகிச்சை வேண்டும், என் சார்பில் யார் முடிவெடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்க வழி தருகிறது. ஒரு வழக்கறிஞரை வைத்து எல்லாவற்றையும் ஒரு சேர முடியுங்கள். பேசுவது காலையில் இருக்கட்டும், படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டபின் கையெழுத்துப் போடுங்கள்.

ஏற்காட்டுக்குப் போய் வாருங்கள். பழகின வீடு, பழகின களம், கூடப் பிறந்தவள். ஐயா கூட வரட்டும். காலை பஸ்ஸில் ஏறினால் இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டி, தெளிவு இருக்கும்போதே அக்கா வீட்டில் இருப்பீர்கள். ராத்திரி கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு விளக்கு எரியட்டும், அங்கே குளிரில் எழுந்ததும் இடம் புரியாமல் திகைப்பு வரலாம். பர்ஸில் உங்கள் பெயரும் ஐயாவின் செல் நம்பரும் எழுதிய அட்டை இருக்கட்டும். பழம் பறிக்கச் சரிவில் தனியாக இறங்க வேண்டாம். களத்தில் உட்கார்ந்து பழம் பொறுக்குவதை உங்களிடம் யாரும் பறிக்கக் கூடாது.

ஐயா, இது உங்களுக்கு. அவர் ஒரு பேரைத் தேடும்போது நீங்கள் எடுத்துக் கொடுக்கிறீர்கள். மனசுக்குள் பத்து எண்ணிவிட்டுக் கொடுங்கள், பாதி நேரம் அவரே சொல்லிவிடுவார். டாக்டரிடம் போனால் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் போட்டுக்கொண்டு, அவரைப் பேச விடுங்கள். அடுப்பை அடியோடு மூட வேண்டாம். பாலுக்கு விசில் அடிக்கும் பால் குக்கர், குழம்புக்கு நேரம் வைத்தால் தானே அணையும் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கிக் கொடுங்கள். தாளிக்கும்போது பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருங்கள். உங்களுக்கும் தாங்காத நாள் வரும். முதியோருக்கான உதவி எண் 14567, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

ஒன்று மட்டும் கவனம். இந்த நோய் மெல்லத்தான் நகரும். ஒரே நாள், இரண்டு நாளில் திடீரென்று குழப்பம் கூடினால் அல்சைமர் முற்றிவிட்டது என்று நினைத்து உட்கார்ந்துவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் உப்பு குறைவது, புதிதாகச் சேர்த்த மாத்திரை என்று சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். சளிக்கும் தூக்கத்துக்கும் கடையில் கேட்டு மாத்திரை வாங்கவே வாங்காதீர்கள், அவற்றில் சில மறதியைக் கூட்டும். அல்சைமருக்குக் கொடுத்த மாத்திரையால் வாந்தியோ வயிற்றுப்போக்கோ மயக்கமோ வந்தால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அடுத்த முறை போகும்போது உங்கள் கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள், கவரில் பின் குத்தி வருமே, அந்தப் பெரிய எழுத்தில். சின்னவருக்கு வரன் அமைந்ததும், அவர்களிடம் எப்படிச் சொன்னீர்கள், என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் உளவியல் ஆலோசகர்