மூளைக்கு எரிபொருள் வாங்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தேர்வுக்குப் படிக்கும் என் மகன், ‘மூளைக்கு உடனடி எரிபொருள்’ என்று டப்பாவில் போட்டிருக்கும் குளுக்கோஸ் தூளைத் தினமும் மூன்று வேளை கரைத்துக் குடிக்கிறான். பலன் உண்டா, காசுதான் வீணா?

டப்பாவில் போட்டிருப்பது பொய் இல்லை. மூளையின் முதல் எரிபொருள் குளுக்கோஸ்தான். உடல் எடையில் வெறும் 2 சதவீதம் இருக்கும் மூளை, நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது செலவாகும் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதத்தைச் சாப்பிட்டுவிடும். ஒரு நாளைக்குச் சுமார் 100 முதல் 120 கிராம் குளுக்கோஸ் அதற்கு வேண்டும்.

ஆனால் அந்தக் குளுக்கோஸ் டப்பாவிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. எந்த மாவுப்பொருளைச் சாப்பிட்டாலும் அது குடலில் உடைந்து குளுக்கோஸாகித்தான் இரத்தத்தில் சேர்கிறது. மிஞ்சியதில் 100 கிராம் போலக் கல்லீரல் கிளைக்கோஜனாகப் பூட்டி வைத்துக்கொண்டு, இரண்டு சாப்பாட்டுக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாக அளந்து விடுகிறது. தசைகளில் இதைவிடப் பெரிய சேமிப்பு உண்டு. ஆனால் தசை தன் சரக்கை வெளியே குளுக்கோஸாகக் கொடுக்காது. அந்த வகையில் கல்லீரல்தான் தாராளம்.

உடம்பிலுள்ள இரத்தம் மொத்தத்திலும் ஒரு நேரத்தில் கரைந்திருப்பது நான்கைந்து கிராம் குளுக்கோஸ், அதாவது ஒரு தேக்கரண்டி. அதில் திடீரென்று 25 கிராமைக் கொட்டினால், கணையம் இன்சுலினை விட்டு அதைத் தசைக்கும் கல்லீரலுக்கும் ஓட்டிவிடும். மூளை தனக்கு வேண்டியதற்கு மேல் எடுக்காது. கடினமான கணக்கைப் போட்டாலும் மூளையின் மொத்தச் செலவு 5 சதவீதம்கூடக் கூடுவதில்லை என்பதுதான் உண்மை. ‘யோசித்து யோசித்தே இளைத்துவிட்டேன்’ என்பவர்களுக்கு இது கசக்கும்.

சரி, யாருக்குத்தான் இந்தத் தூள் உதவும்? இன்சுலின் போட்டுக்கொள்பவருக்குச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால், 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி அளப்பது வழக்கம். அங்கே அது மருந்து. அதற்காக வாங்குவதானால், வைட்டமின் கலந்தது, பழச்சுவை சேர்த்தது என்று பார்க்காதீர்கள். ‘டெக்ஸ்ட்ரோஸ்’ என்று எழுதியிருந்தாலும் அது குளுக்கோஸேதான். பெயர் மாறியதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

கேள்வி: 74 வயதான என் அம்மாவுக்கு மறதி ஆரம்பித்திருக்கிறது. ‘வயதானவர் மூளைக்குள் சர்க்கரை போகாது, கீட்டோன் போகும்’ என்று சொல்லி ஒருவர் எம்.சி.டி. (நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு) எண்ணெய் விற்கிறார். வாங்கலாமா?

அவர் சொல்வதில் ஒரு நூல் உண்மை இருக்கிறது. அதைத்தான் கயிறாகத் திரித்து விற்கிறார்.

கீட்டோன் என்னும் மாற்று எரிபொருளின் கதை பட்டினியில் தொடங்குகிறது. கொழுப்பை மூளை நேரடியாக எரிப்பது மிகக் குறைவு. அப்படியானால் வாரக்கணக்கில் சாப்பிடாதவர் எப்படி உயிரோடு இருக்கிறார்? 1967-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கேஹிலும் சக மருத்துவர்களும் இதற்கு விடை கண்டார்கள். எடை குறைப்பதற்காக மருத்துவக் கண்காணிப்பில் ஐந்தாறு வாரம் பட்டினி இருந்தவர்களிடம், மூளைக்குள் போகும் இரத்தத்தையும் அங்கிருந்து திரும்பும் இரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். மூளையின் செலவில் பாதிக்கு மேல் கீட்டோனே ஈடுகட்டியது. கல்லீரல் கொழுப்பை உடைத்துக் கீட்டோனாக்கி அனுப்ப, மூளை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்கிறது.

அல்சைமர் நோயில் மூளை குளுக்கோஸை எடுத்துக்கொள்வது குறைகிறது. ஆனால் கீட்டோனை எடுத்துக்கொள்வது பெரிதாகக் குறைவதில்லை. கனடாவில் ஸ்டீபன் கன்னேனின் குழு காட்டியது இதைத்தான். அவர்களே லேசான மறதி உள்ளவர்களுக்கு ஆறு மாதம், தினம் 30 கிராம் எம்.சி.டி. கொடுத்துப் பார்த்தபோது, மூளையில் கீட்டோன் பயன்பாடு இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. சில நினைவுத்திறன் சோதனைகளிலும் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அல்சைமர் நோயாளிகளிடம் இதே வகைக் கொழுப்பை வைத்து நடந்த பெரிய மூன்றாம் கட்டச் சோதனையில், அது போலி மருந்தை மிஞ்சவில்லை. விற்பவர் இந்த இரண்டாவதைச் சொல்லியிருக்க மாட்டார்.

அளவும் ஒரு விஷயம். நீண்ட பட்டினியில் இரத்தக் கீட்டோன் லிட்டருக்கு 5 மில்லிமோலைத் தாண்டும். எம்.சி.டி. குடித்தால் அரை மில்லிமோலைத் தொட்டால் அதிகம்.

ஆகவே முதல் செலவு மருத்துவருக்கு. தைராய்டு குறை, பி12 குறை, மனச்சோர்வு, சில மாத்திரைகள் எல்லாமே மறதியாக வேடம் போடும். அவற்றைச் சரிசெய்ய முடியும். அதன் பிறகும் முயன்று பார்க்க நினைத்தால், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, புட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். சங்கிலியில் எட்டு கார்பன் கொண்ட கேப்ரிலிக் அமிலம்தான் நன்றாகக் கீட்டோனாகும். பத்து கார்பன் உள்ளது அதற்கு அடுத்தபடி. பன்னிரண்டு கார்பன் உள்ள லாரிக் அமிலத்தையும் எம்.சி.டி. கணக்கில் சேர்த்துப் பெரிய எழுத்தில் போடுவார்கள். ஆனால் உடம்புக்குள் அது நீண்ட சங்கிலிக் கொழுப்பைப் போலத்தான் நடந்துகொள்கிறது. எது எத்தனை கிராம் என்று பிரித்து எழுதாத புட்டியை அப்படியே வைத்துவிடுங்கள். முதல் நாளே 30 கிராம் கொடுத்தால் வயிற்றுப்போக்கு நிச்சயம். ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும்.

கேள்வி: மாவுப்பொருளை வெகுவாகக் குறைக்கும் கீட்டோ உணவுமுறைக்காக, சிறுநீரில் கீட்டோன் காட்டும் பட்டை வாங்கினேன். முதல் வாரம் ஊதா நிறம் காட்டியது, இப்போது காட்டுவதில்லை. பட்டை கெட்டுப்போனதா? திருப்பிக் கொடுக்கலாமா?

காலாவதித் தேதியையும், டப்பாவைத் திறந்து எத்தனை நாளாயிற்று என்பதையும் முதலில் பாருங்கள். காற்றில் ஈரம் பட்டால் பட்டை கெடும். அது சரியாக இருந்தால் பட்டையின் மேல் பழி போட முடியாது. அது அளப்பது அசிட்டோஅசிட்டேட் என்ற ஒரு வகைக் கீட்டோனை மட்டும். இரத்தத்தில் அதிகம் ஓடும் இன்னொரு வகையான பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட் அதன் கண்ணில் படவே படாது. போகப் போகச் சிறுநீரில் வீணாகும் கீட்டோனும் குறையும். நீங்கள் எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள் என்பதும் நிறத்தை மாற்றும். நானும் ஒரு காலத்தில் பெட்டி பெட்டியாக வாங்கி நிற அட்டையோடு மல்லுக்கட்டியவன்தான். எண் தெரிய வேண்டுமென்றால் விரலில் குத்தி அளக்கும் மீட்டர்தான் வழி. ஆனால் வாங்கும்போது கருவியின் விலையைவிட, அதற்குப் போடும் பட்டை ஒன்றின் விலையைக் கேளுங்கள். செலவு அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: உடற்பயிற்சிக்கு முன் குடிக்கும் கீட்டோன் பானத்தில் உப்பு வகை, எஸ்டர் வகை என்று இரண்டு இருக்கிறதே?

எஸ்டர் வகை கீட்டோனை நன்றாக ஏற்றும், ஆனால் குமட்டும் அளவுக்குக் கசக்கும். உப்பு வகை மலிவு. அதில் சோடியம் கணிசமாக இருக்கும், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டாம். கடுமையாக ஓடும்போது தசை வெளியே விடும் லாக்டேட்டையும் மூளை எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது. அதற்கு யாரும் விலை கேட்பதில்லை.

கேள்வி: எனக்கு நீரிழிவு. எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரை எடுக்கிறேன். எம்.சி.டி. எண்ணெயோடு கீட்டோ உணவுமுறையும் சேர்ந்த ஒரு ‘மூளைத் தொகுப்பு’க்கு முன்பணம் கட்டிவிட்டேன். தொடங்கலாமா?

தொடங்காதீர்கள். ‘கிளிஃப்ளோசின்’ என்று முடியும் மாத்திரைகள் கீட்டோ அமிலநிலை (கீட்டோன் மிதமிஞ்சி இரத்தம் அமிலமாவது) என்னும் ஆபத்தைக் கூட்டக்கூடியவை. மாவுப்பொருளை வெட்டினால் அந்த ஆபத்து இன்னும் ஏறும். இரத்தச் சர்க்கரை ஏறக்குறைய இயல்பாக இருக்கும்போதே அது வரலாம் என்பதால், சர்க்கரை மீட்டரை நம்பி இருக்க முடியாது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் ஏதாவது வந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். முன்பணத்தைப் பொறுத்தவரை, உங்கள் மருத்துவரிடம் ‘இவருக்கு இது பொருந்தாது’ என்று எழுதி வாங்கி, அதை இணைத்து, எழுத்து மூலமாகவே விற்பவரிடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.