எட்டாவது வெற்றி: சுமோ பார்ப்பவர்களின் கேள்விகள்

கேள்வி: கடைசி நாளில், கோப்பைக்குச் சம்பந்தமே இல்லாமல் 7-7 (7 வெற்றி, 7 தோல்வி) என்று நிற்கும் இரண்டு பேர் உயிரைக் கொடுத்து மோதுகிறார்கள். அப்படி என்ன கிடைக்கப்போகிறது?

பதில்: எட்டாவது வெற்றி. கோதாவில் இறங்குபவர்களில் பெரும்பாலோருக்குக் கோப்பையைவிட அதுதான் பெரிது. ஒரு தொடர் 15 நாள். மேல் இரண்டு பிரிவுகளில் ஆளுக்கு நாளுக்கு ஒரு பந்தயம். 8 வென்றால் 'கச்சிகோஷி', அடுத்த தரவரிசையில் ஏறலாம். 8 தோற்றால் 'மகேகோஷி', இறங்க வேண்டியதுதான். இந்தத் தரவரிசைத் தாளுக்குப் பெயர் 'பான்சுகே'. நடுவர்கள் தூரிகையால் கையாலேயே எழுதுவது. தொடருக்கு 13 நாள் முன்னால், திங்கட்கிழமை வெளியாகும் (ஜனவரித் தொடருக்கு மட்டும் டிசம்பர் கடைசியிலேயே வந்துவிடும்). அதை ஒருமுறை படித்துவிட்டு உட்கார்ந்தால் ஆட்டமே வேறாகத் தெரியும்.

யார் எவ்வளவு ஏறுவார் என்று நீங்களே கணக்குப் போடலாம். வெற்றியிலிருந்து தோல்வியைக் கழியுங்கள். மிஞ்சுவது ஏறத்தாழ எத்தனை படி என்று சொல்லிவிடும். மாயெகஷிரா 8இல் (மேல் பிரிவில் பட்டப் பதவி இல்லாதவர்களின் வரிசையில் எட்டாம் படி) இருப்பவர் 10-5 எடுத்தால் 3ஐ ஒட்டி வருவார். இது எழுதிவைத்த விதி அல்ல. மேலே இடம் காலியானால்தான் ஏற முடியும். 8-7 எடுத்தும் நின்ற இடத்திலேயே நிற்பவர்கள் உண்டு.

இதே கணக்கு வயிற்றுப் பிழைப்பாகிற இடம் ஒன்று இருக்கிறது. மேல் பிரிவான மகுஉச்சியில் 42 பேர், அடுத்த ஜூரியோவில் 28 பேர். இந்த 70 பேருக்குத்தான் மாதச் சம்பளம். ஜூரியோவின் கடைசி ஆளுக்கும் மாதம் 11 லட்சம் யென். அதற்கு ஒரு படி கீழே, மகுஷிதாவின் முதல் ஆளுக்குச் சம்பளமே கிடையாது. தொடருக்கு ஒரு சிறு படித்தொகை மட்டும். ஏவலுக்கு ஆள் வைத்துக்கொள்வதும் அந்த 70 பேருக்கே. ஜூரியோவின் அடியில் 7-7 என்று நிற்பவர் எதற்காக மோதுகிறார் என்பது இப்போது புரியும். மகுஷிதாவில் தொடருக்கு 7 பந்தயம்தான், அங்கே 4 வெற்றி போதும். முதல் 15 படிக்குள் இருந்து ஏழையும் வென்றால் ஜூரியோ ஏறக்குறைய உறுதி.

கேள்வி: யோகோசுனா, அதாவது சுமோவின் உச்சப் பதவியில் இருப்பவர், நான்கு நாள் ஆடிவிட்டு விலகிவிட்டார். அடுத்த தொடரிலும் அவர்தான் யோகோசுனா. இது என்ன நியாயம்?

பதில்: யோகோசுனாவுக்குப் பதவி இறக்கம் கிடையாது. முடியவில்லையென்றால் ஓய்வு பெறுவது ஒன்றே வழி, அந்த நெருக்கடி இறக்கத்தைவிடக் கொடியது. மற்றவர்களுக்கு ஆடாத நாளெல்லாம் தோல்விக் கணக்குதான். பந்தயத்தில் பட்ட காயத்துக்கு முன்பு விலக்கு இருந்தது, 2004இல் எடுத்துவிட்டார்கள். முட்டியில் கட்டுப்போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி வந்து ஆடுகிறார்களே, காரணம் வீரம் மட்டும் அல்ல. யோகோசுனாவுக்கு அடுத்த பதவியான ஓசெக்கிக்கு ஒரு தவணை உண்டு: ஒரு மகேகோஷி வந்தால் 'கடோபான்', அதாவது எச்சரிக்கை நிலை. அடுத்ததும் அப்படியே போனால் அதற்குக் கீழ்ப் பதவியான செகிவாகேயாக இறங்குவார். இறங்கிய உடனடித் தொடரில் 10 வென்றால் பதவி திரும்பக் கிடைக்கும்.

கேள்வி: இருவரும் பாய்ந்த பிறகு நடுவர் நிறுத்தித் திருப்பி அனுப்புகிறார். ஏன்?

பதில்: 'மத்தா', அதாவது தவறிய தொடக்கம். சுமோவில் மணி அடித்தோ விசில் ஊதியோ தொடங்குவதில்லை. 70 செ.மீ. இடைவெளியில் இரண்டு வெள்ளைக் கோடுகள். இருவரும் இரண்டு கையையும் தரையில் வைத்து, மூச்சு ஒன்றியதும் எழ வேண்டும். ஒருவர் கை சரியாகத் தரையைத் தொடவில்லையென்றாலோ, ஒருவர் முந்திவிட்டாலோ மறுபடி முதலிலிருந்து. அடிக்கடி நடப்பதற்குக் காரணம், முந்துகிற அந்தக் கணமே பாதி வெற்றி என்பதுதான். உப்பு வீசுவதும் முறைப்பதும் மகுஉச்சியில் 4 நிமிடம் வரை போகலாம், ஜூரியோவில் 3. முதல் தடவை பார்ப்பவர்கள் சலித்துக்கொண்டு எழுந்து போவது இந்த இடத்தில்தான். போகாதீர்கள், யார் கண்ணை முதலில் விலக்குகிறார் என்று பாருங்கள்.

கேள்வி: ஜப்பானுக்கு வெளியே எங்கே, எப்போது பார்ப்பது?

பதில்: ஒற்றைப்படை மாதங்களில் தொடர்: ஜனவரி, மே, செப்டம்பர் டோக்கியோ, மார்ச் ஒசாகா, ஜூலை நகோயா, நவம்பர் ஃபுகுவோகா. கடைசிப் பந்தயம் ஜப்பான் நேரம் மாலை 6க்குச் சற்று முன் முடியும். இந்தியாவில் அது பிற்பகல் 2.30, சிங்கப்பூரில் 5. ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனத்தின் வெளிநாட்டுச் சேவையான என்.எச்.கே. வேர்ல்ட் சில நாள்களில் கடைசிப் பகுதியை நேரலையாகவும், எல்லா நாளும் தொகுப்பாகவும் இலவசமாகத் தருகிறது. தொகுப்புக்குக் காத்திருப்பவர்கள் அதுவரை செய்தித் தளங்களைத் திறக்காமல் இருப்பது நல்லது, தலைப்பிலேயே முடிவைப் போட்டுவிடுவார்கள். பான்சுகேயில் ஒவ்வொரு படியும் கிழக்கு, மேற்கு என்று இரண்டு பக்கம். திரையில் இடப்பக்கம் கிழக்கு. ஒரே படியில் இருவர் இருந்தால் கிழக்கில் இருப்பவரே அரைப்படி உயர்ந்தவர்.

கேள்வி: கொடோனோவாகா என்று ஒருவரைப் பின்தொடர்ந்தேன். ஆளையே காணோம்!

பதில்: காணாமல் போகவில்லை. ஓசெக்கி ஆன பிறகு, 2024 மே தொடரிலிருந்து தாத்தாவின் பெயரான கொடோசாகுரா ஆகிவிட்டார். பெயர் மாற்றம் இங்கே சாதாரணம். பெயரின் ஒரு துண்டு பெரும்பாலும் பயிற்சிக் கூடத்தையோ ஆசானையோ காட்டும். உக்ரைனிலிருந்து வந்த ஆவோநிஷிகியின் ஆசான், ஆடிய காலத்தில் ஆமிநிஷிகி. ஒரே கூடத்து ஆள்கள் கோப்பைக்கான கூடுதல் பந்தயத்தைத் தவிர வேறு எதிலும் மோத மாட்டார்கள்.

கேள்வி: டோக்கியோவுக்கே போய்ப் பார்க்க எந்த இருக்கை வாங்கலாம்?

பதில்: டோக்கியோவின் சுமோ அரங்கமான ரியோகோகு கொகுகிகானில் தனியாகப் போகிறவருக்கு இரண்டாம் மாடி நாற்காலி. கீழே இருக்கும் பெட்டி நான்கு பேருக்கு என்று எழுதியிருக்கும், மெத்தையில் சம்மணமிட்டு உட்கார வேண்டும். நான்கு பெரியவர்கள் உட்கார்ந்தால் கால் நீட்ட வழியில்லை. இருவராக எடுத்தால் சுகம், செலவு இரட்டிப்பு. கோதாவை ஒட்டிய இடத்தில் சாப்பிடவோ படம் எடுக்கவோ கூடாது, மேலே ஆள் விழுந்தாலும் உங்கள் பாடு. சுமோ சங்கத்தின் 'டிக்கெட் ஓசுமோ' தளத்தில் ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு விற்பனை தொடங்கும். சனி, ஞாயிறு முதலில் தீரும். காலை எட்டரை வாக்கில் கீழ்ப்பிரிவு தொடங்குகிறது. பிற்பகல் 2 மணிக்குள் உள்ளே இருங்கள். ஜூரியோ முழுதும், மூன்றே முக்கால் அளவில் மகுஉச்சிக்காரர்கள் வண்ண முன்தானையோடு கோதா ஏறுவதும் கிடைக்கும்.