பூசி மறைப்பதற்கு முன் தட்டிப் பாருங்கள்: வீடு கட்டுவோர் கேள்விகள்

கேள்வி: சார், சென்ட்ரிங் பலகையைப் பிரித்தபோது ஒரு தூணின் அடியில் ஜல்லி ஜல்லியாகத் தெரிந்தது. மறுநாள் போனால் மேஸ்திரி சிமெண்ட் பால் பூசி மொழுமொழுவென்று ஆக்கிவிட்டார். அப்படியே விடலாமா?

பதில்: கூடாது. பூசியதைச் சுரண்டச் சொல்லுங்கள். கான்கிரீட்டை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டர் சரியாக ஓடாவிட்டாலோ, பலகை இடுக்கில் சிமெண்ட் பால் ஒழுகினாலோ இப்படி ஜல்லி வெளியே தெரியும். சின்னச் சுத்தியால் தட்டுங்கள். பொத்தென்று கேட்டால் உள்ளே பொந்து. தளர்ந்ததையெல்லாம் உளியால் கொத்தி எடுங்கள். கம்பி வெளியே தெரியவில்லை என்றால், பாலிமர் சேர்த்த கலவையால் அடைத்து, ஒரு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் போதும். கம்பிக்குப் பின்னாலும் பொந்து போகிறதா? மேல் வேலையை நிறுத்திவிட்டு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை நேரில் வரவழையுங்கள். முட்டுக் கொடுத்து மைக்ரோ கான்கிரீட் (பொடி ஜல்லியோடு தானே பாய்ந்து நிரம்பும் கலவை) ஊற்றுவதா, தூணைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டுவதா என்பது அவர் முடிவு. மேஸ்திரியைத் திட்டிப் பயனில்லை. அவருக்கு அது பார்வைக்கு அசிங்கம், அவ்வளவுதான்.

கேள்வி: படிக்கட்டில் மற்ற படிகள் ஆறரை அங்குலம், கடைசிப் படி மட்டும் 9. அம்மா ஏறும்போது கால் இடறுகிறது.

பதில்: மாடித் தரையின் கலவை, டைல்ஸ் கனத்தைக் கணக்கில் சேர்க்காமல் படி போட்டிருக்கிறார்கள். மாடித் தரைக்கு ஏறுவதையும் சேர்த்து மொத்தம் 10 ஏற்றம் (ஒரு படிக்கும் அடுத்ததற்கும் உள்ள உயரம்) என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது ஆறரை 58.5, அதோடு 9 சேர்த்தால் 67.5 அங்குலம். பத்தால் வகுத்தால் ஏற்றம் ஒன்றுக்கு ஆறே முக்கால். ஆக முதல் படியைக் கால் அங்குலம், இரண்டாவதை அரை என்று கூட்டிக்கொண்டே போனால் ஒன்பதாவது படி இரண்டேகால் உயரும். படிக்கு டைல்ஸ் ஒட்டும்போதே இதைச் செய்துவிடலாம். இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள்: தலைக்கு மேல் 2.2 மீட்டர் இடைவெளி மிஞ்ச வேண்டும், கூடும் பாரத்தை இன்ஜினியரிடம் சொல்ல வேண்டும்.

கேள்வி: பாத்ரூம் தண்ணீர் வாசல் பக்கம் வந்து நிற்கிறது. டைல்ஸ் மேலேயே இன்னொரு டைல்ஸ் ஒட்டலாம் என்கிறார்கள்.

பதில்: ஒட்டினால் தரை உயர்ந்து தண்ணீர் ஹாலுக்கே வரும். பெயர்த்து எடுத்து வாட்டத்தைச் சரிசெய்யுங்கள். 8 அடிக்கு ஓர் அங்குலமாவது இறங்க வேண்டும். நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு அடித்துக் காய்ந்ததும் 24 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்த்துவிட்டு டைல்ஸ் ஒட்டுங்கள்.

கேள்வி: போர்ட்டிகோ தூண் இடிப்பதால் கார் நுழையவில்லை. தூணைக் கொஞ்சம் செதுக்கலாமா?

பதில்: காரை மாற்றுங்கள், தூணைத் தொடாதீர்கள்.

கேள்வி: தப்பைச் சரிசெய்யும் செலவு யாருடையது? ஒப்பந்தக்காரர் கைவிரிக்கிறார்.

பதில்: வரைபடத்தை மீறி அவர் செய்தது அவர் செலவு. நீங்கள் நடுவில் மாற்றச் சொன்னது உங்கள் செலவு. டேப்பை வைத்துப் படம் எடுத்து, எழுத்தில் அனுப்பி, அடுத்த தவணையை நிறுத்துங்கள். மசியவில்லையா? வீடு கட்டித் தருவதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைதான். இரண்டு வருடத்துக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்.

கேள்வி: படுக்கையறை சுவிட்ச் போர்டு கதவுக்குப் பின்னால் போய்விட்டது சார். சுவரை உடைக்கவா?

பதில்: பூச்சுக்கு முன் என்றால் உடனே மாற்றுங்கள். பெயிண்ட் அடித்தாயிற்று என்றால் விட்டுவிடுங்கள். என் வீட்டிலும் அப்படித்தான்; 12 வருடமாகக் கதவைப் பாதி சாத்திவிட்டுத்தான் லைட்டைப் போடுகிறேன்.