பழைய கண்ணாடியைக் கொடுத்துவிட்டால் போதுமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். எனக்கு 54 வயது. பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறேன். ஊரில் நடந்த கண் முகாமில் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பவர் எழுதிக் கொடுத்தார்கள். கோவையில் வேலை பார்க்கும் மகன் தூரம், கிட்டம் இரண்டையும் ஒரே லென்ஸில் பார்க்கிற ப்ரொக்ரெசிவ் கண்ணாடியை 16,000 ரூபாய்க்கு வாங்கித் தந்தான். கணவர், கொழுந்தன் குடும்பம் எல்லாரும் ஒரே வீடுதான் என்றாலும் மாமியார் என்னைத்தான் தேடுவார். அவரை விட்டு வர முடியாததால் சீட்டையும் என் பழைய கண்ணாடியையும் மகனிடமே கொடுத்துவிட்டேன். போட்டு ஒரு மாதம் ஆகிறது. தலை சுற்றுகிறது. பக்கவாட்டில் எல்லாம் நெளிகிறது. நோட்டைப் படிக்க மோவாயைத் தூக்க வேண்டியிருக்கிறது. மாமியாரைப் பின்வாசல் படியில் இறக்கும்போது படி எங்கே என்று தெரியவில்லை. மகனிடம் சொல்ல மனம் வரவில்லை. பழகிவிடுமா?

பதில்: பழகிவிடும் என்று நான் எழுதப் போவதில்லை, சகோதரி. தலைசுற்றல், நெளிவு எல்லாம் இந்தக் கண்ணாடி போடுகிற பலரும் சொல்வதுதான். சரியாக அளவெடுத்த கண்ணாடி என்றால் பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்துக்குள் தணிந்துவிடும். உங்களுக்கு ஒரு மாதம் ஆகியும் தணியவில்லை. காரணத்தையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், போகிறபோக்கில்: ‘அவரை விட்டு வர முடியாததால்.’

அதாவது, உங்கள் கண்ணாடிக்கு அளவெடுத்தபோது அங்கே உங்கள் முகம் இல்லை.

ப்ரொக்ரெசிவ் லென்ஸில் மேல்பகுதி தூரத்துக்கு, அடிப்பகுதி படிக்க. நடுவில் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பவர் ஏறுகிற ஒரு குறுகலான தடம் உண்டு. அந்தத் தடத்துக்கு இருபுறமும் நெளிவு இருந்தே தீரும், எவ்வளவு விலை கொடுத்தாலும். ஆகவே தடம் உங்கள் கண்மணிக்கு நேராக உட்கார வேண்டும். அதற்காகத்தான் நீங்கள் போடப்போகிற அதே பிரேமை மூக்கில் மாட்டி, நேராகப் பார்க்கச் சொல்லி, கண்மணி வரும் இடத்தில் பேனாவால் புள்ளி வைப்பார்கள். மூக்கின் நடுவிலிருந்து ஒவ்வொரு கண்ணுக்கும் தூரத்தைத் தனித்தனியாக அளப்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலே சிலருக்குத் தாங்காது. புதுப் பிரேம் உங்கள் மூக்கில் எந்த உயரத்தில் நிற்கும் என்பதைப் பழைய கண்ணாடி எப்படிச் சொல்லும்?

இந்த வகை லென்ஸ் 1959இல் பிரான்சில் விற்பனைக்கு வந்தது. அதன்பிறகு எவ்வளவோ தேறிவிட்டது. ஆனால் போடுகிறவர் முகம் இல்லாமல் ஒழுங்காக அளவெடுக்க இன்றும் முடியாது.

படிக்க மோவாயைத் தூக்குகிறீர்கள் என்றால் படிக்கிற பகுதி உங்களுக்கு எட்டாமல் மிகவும் கீழே இருக்கிறது என்று அர்த்தம். பிரேமும் ஒல்லியாக இருக்கலாம். பையன்கள் தேர்ந்தெடுக்கிற பிரேம் பெரும்பாலும் அப்படித்தான். கண்மணிக்குக் கீழே பல லென்ஸுகளுக்கு 16, 18 மில்லிமீட்டராவது இடம் வேண்டும்.

இனி உங்கள் வீட்டு விஷயம். அத்தனை பேர் இருக்கிற வீட்டில் அரை நாள் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையா? வேலந்தாவளம் வழியாகப் பஸ் ஏறினால் கோவை என்ன, கடல் கடந்த ஊரா? ‘என்னைத்தான் தேடுவார்’ என்பது உங்களுக்குப் பெருமையாக இருக்கலாம். எனக்கு அது கவலையாக இருக்கிறது. அவர் உங்கள் கணவரைப் பெற்றவர். அம்மாவை ஒரு காலைப்பொழுது பார்த்துக்கொள்வது மகனின் கடமை, உங்களுக்கு அவர் செய்யும் உபகாரம் இல்லை. மாமியாரைக் கவனிப்பதை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் படி தெரியாத கண்ணோடு அவரைக் கைப்பிடித்து இறக்குவதைக் கவனிப்பு என்று சொல்ல மாட்டேன். தவறினால் விழுவது இரண்டு பேரும்.

மகனையும் விடுவதாக இல்லை. அம்மாவுக்குப் பணம் செலவழித்தது நல்ல மனசுதான். ஆனால் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். அவனிடம் சொல்லாமல் மறைக்கிறீர்களே, அதனால் அவனுக்கு என்ன நன்மை? அம்மா நன்றாகப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். இன்று ராத்திரியே போன் செய்து, ‘கண்ணு, இது எனக்குச் சேரவில்லை, நானே வர்றேன், லீவு போடு’ என்று சொல்லுங்கள். பழகாத ப்ரொக்ரெசிவ் லென்ஸைக் குறிப்பிட்ட காலத்துக்குள் மாற்றித் தருகிற வழக்கம் பல கடைகளில் உண்டு. ஏற்கெனவே ஒரு மாதம் போய்விட்டது, இனியும் தள்ளிப்போடாதீர்கள். பில், முகாம் சீட்டு, இரண்டு கண்ணாடிகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பவரை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை இருந்தால் அதையும் சொல்லுங்கள், ஏறி இறங்கினால் பவரும் மாறும்.

புது அளவில் வந்த பிறகு காலையில் எழுந்தது முதல் அதையே போடுங்கள், பழையதைத் தொடாதீர்கள். பக்கத்தில் பார்க்கக் கண்ணை மட்டும் ஓட்டாமல் முகத்தைத் திருப்புங்கள். படி இறங்கும்போது மோவாயை நெஞ்சுப்பக்கம் தாழ்த்தி, லென்ஸின் மேல்பகுதி வழியாகப் படியைப் பாருங்கள்; அடிப்பகுதி படிக்கிற பவர், அதில் தரை மங்கும். அதற்கும் சரிவரவில்லை என்றால் தூரத்துக்கு ஒன்று, படிக்க ஒன்று என இரண்டு கண்ணாடி வைத்துக்கொள்வதில் ஒரு குறைவும் இல்லை.

அதுவரை மாமியாரைப் பின்வாசல் படியில் உங்கள் கணவர் இறக்கட்டும்.