யாரைக் கேட்டு ஏழு மணி?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோவையில் ஒரு நூற்பாலையில் வேலை செய்கிறேன். வயது முப்பத்திரண்டு. மூன்று ஆண்டுகளாக வாழ்க்கைத் திட்டமிடல், நேர மேலாண்மை, குழு அமைப்பது பற்றிய கையேடுகளையே படித்துவருகிறேன். இதுவரை பதினான்கு நூல்கள். எங்கள் தெருவில் படிப்பகம் ஒன்று தொடங்க நினைத்து, அவற்றில் சொன்னபடியே நோக்கம், இலக்கு, பொறுப்புப் பட்டியல் எல்லாம் எழுதிக் கூட்டம் போட்டேன். முதல் கூட்டத்துக்குப் பதினொரு பேர் வந்தார்கள். இரண்டாவதற்கு மூன்று பேர். காலை ஐந்து மணிக்கு எழும் பழக்கமும் கைகூடவில்லை. நான் எதற்கும் லாயக்கில்லாதவன் என்று தோன்றுகிறது. இத்தகைய நூல்களை எப்படித் தரம் பிரிப்பது? பத்தாண்டுத் திட்டம் போடுவது சரியா? தாளில் எழுதுவதா, கைப்பேசிச் செயலியா?

செ.

அன்புள்ள செ.,

சென்ற வாரம் பரணை ஒழித்தபோது பழைய கையேடு ஒன்று அகப்பட்டது. அட்டை போய்விட்டது, ஓரங்களைச் செல்லரித்திருக்கிறது. அதை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு நாளாக வேறு வேலை ஓடாமல் இருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் ஒன்று. லாயக்கில்லாதவன் என்ற சொல்லை உங்களைப் பற்றி இன்னொரு முறை எழுதாதீர்கள். இரவு ஷிப்ட் முடிந்து காலை ஏழு மணிக்கு, பஞ்சுத் தூசியோடு வீடு திரும்புகிறவர் ஐந்து மணிக்கு எப்படி எழுவார்? தன் நேரம் முழுவதும் தன் கையில் இருக்கும் மனிதனை நினைத்து எழுதப்பட்ட புத்தகம் அது. உங்களை அவர்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. அந்தப் புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்குங்கள். பத்தாண்டுத் திட்டமும் அப்படித்தான். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறுகிறவர் இரண்டு வாரத்துக்குத் திட்டம் போட்டால் போதும். தாளா செயலியா என்பதெல்லாம் ஒரு கேள்வியே இல்லை.

தரம் பிரிப்பது பற்றிக் கேட்டீர்கள். எழுதியவர் அந்த வேலையில் எங்கே அடிபட்டார் என்று பாருங்கள். ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்று ஓர் அமெரிக்க ராணுவப் பொறியாளர். 1863-இல் நியூ பெட்ஃபோர்டு என்ற ஊரில் ஒரு தேவாலயக் கூட்டத்துக்கு அவரைத் தலைமை தாங்கச் சொன்னார்கள். அவருக்குக் கூட்டம் நடத்தத் தெரியாது. கண்ணெதிரிலேயே எல்லாம் குழப்பத்தில் முடிந்தது. அந்த அவமானம் அவரை விடவில்லை. 1876-இல் கூட்ட நடைமுறை விதிகளைத் தொகுத்து, 4,000 பிரதிகளைத் தன் செலவிலேயே அச்சிட்டார். சங்கங்களும் கழகங்களும் இன்றும் அதைப் புரட்டுகின்றன. யார் முதலில் பேசுவது, எப்போது குறுக்கிடலாம், வாக்கெடுப்பு எப்போது என்று அவ்வளவு நுணுக்கமாக அவரால் எழுத முடிந்ததற்குக் காரணம், அந்த இடங்களிலெல்லாம் அவர் தடுக்கி விழுந்திருந்தார். உங்கள் பதினான்கு நூல்களில் எத்தனை பேர் தாங்கள் தோற்ற ஒரு மாலையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்? எண்ணிப் பாருங்கள்.

ஆனால் என் மனத்தில் ஓடிக்கொண்டிருப்பது வேறு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தறிவு வகுப்புத் தொண்டனாக இருந்தேன். மாவட்டமே எழுந்து நின்ற காலம் அது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். பெண்கள் கூட்டம் கூட்டமாக சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கீரனூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில் எனக்கு வகுப்பு. பயிற்சியில் தந்த கையேட்டைக் கரைத்துக் குடித்திருந்தேன். சிவப்பு மையில் கோடு போட்டு, கால அட்டவணையை அட்டையில் எழுதிக் கோயில் தூணில் கட்டினேன். மாலை ஏழு முதல் ஒன்பது. அரிக்கேன் விளக்கைத் துடைத்து ஏற்றி, பலகைகளை வரிசையாக அடுக்கிவைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். முதல் நாள் இருபது பெண்கள். நான்காம் நாள் இருவர். இந்த ஊர்ப் பெண்களுக்கு அக்கறை இல்லை என்று அறிக்கையில் எழுதினேன். எழுதிய கையை இன்றும் மன்னிக்க முடியவில்லை.

வந்த இருவரில் ஒருவர் கல்குவாரியில் சல்லி உடைக்கிற அக்கா. விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். பல்பத்தைப் பிடிக்கவே சிரமப்படுவார். அன்று பலகையைக் கீழே வைத்துவிட்டு, “தம்பி, ஏழு மணிக்குத்தான் எங்கள் அடுப்பே எரிகிறது. யாரைக் கேட்டு ஏழு மணி என்று வைத்தாய்?” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இரவு அறைக்கு வந்து கையேட்டைத் திறந்தேன். வகுப்பு நேரத்தைக் கற்போரிடம் கேட்டு முடிவு செய்க என்று ஒரு வரி இருந்தது. அதற்கு மேல் வரியிலும் கீழ் வரியிலும் என் சிவப்புக் கோடு. அந்த வரியில் மட்டும் இல்லை. இத்தனை ஆண்டு கழித்து, செல்லரித்த அந்தப் பக்கத்தைப் போன வாரம் மறுபடி பார்த்தேன். கோடு அப்படியே இருக்கிறது.

மறுநாள் வீடு வீடாகப் போனேன். அடுப்படி வாசலில் நின்று கேட்டேன். வகுப்பு ஒன்பது மணிக்கு மாறியது, வெள்ளிக்கிழமை கிடையாது. பதினாறு பேர் கடைசிவரை வந்தார்கள்.

ஃபிரெட் ராஸ் என்பவரைப் பற்றிப் பின்னால் படித்தபோது அந்த அக்காவைத்தான் நினைத்துக்கொண்டேன். 1952-இல் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில், மெக்சிகோ வழிவந்த தொழிலாளர் குடியிருப்பில் ஓர் அமைப்புக்கு ஆள் சேர்க்கப் போனவர் அவர். மண்டபம் எதையும் வாடகைக்கு எடுக்கவில்லை. ஒருவர் வீட்டில் அவருடைய நண்பர்களை மட்டும் அழைக்கச் சொல்லி, அவர்கள் குறைகளைப் பேசினார். அப்படி ஒரு வீட்டில் கிடைத்தவர்தான், பின்னாளில் பண்ணைத் தொழிலாளர் தலைவரான சீசர் சாவேஸ். வந்த வெள்ளைக்காரரை மடக்கி விரட்டவே அன்று சாவேஸ் ஆள் கூட்டிவைத்திருந்தார். பேச்சைக் கேட்ட பிறகு அவரை வழியனுப்பவே மனம் வரவில்லை. 1962-இல் சாவேஸ் பண்ணைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியதும் இதே வீட்டுக் கூட்டங்களால்தான். 1965-இல் தொடங்கிய டெலானோ திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தம் ஐந்து ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. வீட்டு வாசல்களில் கட்டிய சங்கம் அது.

ஆகவே, செ., கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். உங்கள் கடிதத்தின் முழு வடிவம் நான்கு பக்கம். சுருக்கித்தான் மேலே தந்திருக்கிறேன். அதில் மூன்று பக்கம் புத்தகங்களைப் பற்றியது. பதினான்கு நூல்களின் பெயரும் வரிசையாக இருக்கின்றன, பதிப்பகத்தோடு. இரண்டாம் கூட்டத்துக்கு வந்த மூன்று பேருக்கு அரை வரி. அவர்கள் யார்? என்ன வேலை? மழை பெய்த மாலை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்; அந்த மழையில் உங்கள் வீட்டுப் படியேறி வந்தவர்களை ஏன் வெறும் எண்ணாக எழுதினீர்கள்? வராமல் போன எட்டுப் பேரிடம் ஏன் வரவில்லை என்று ஒருமுறையாவது கேட்டீர்களா? பொறுப்புப் பட்டியலில் ஒருவர் பெயருக்கு நேரே “செயலாளர்” என்று எழுதியதாகச் சொல்கிறீர்கள். அவரைக் கேட்டுத்தான் எழுதினீர்களா?

பதினைந்தாவது நூலை இப்போதைக்கு வாங்க வேண்டாம். இந்த வாரம் பகல் ஷிப்ட் என்றால், மாலையில் அந்த மூவர் வீட்டுக்கும் தனித்தனியாகப் போங்கள். நோட்டுப் புத்தகம் கொண்டுபோகாதீர்கள். டீ கொடுத்தால் குடியுங்கள். திரும்பி வந்து எனக்கு எழுதுங்கள்: அவர்கள் பெயர், அவர்கள் வீட்டில் அடுப்பு எரிகிற நேரம், படிப்பகம் என்றதும் அவர்கள் என்ன கேட்டார்கள் என்பதை.