ஊரில் படித்த ஐடி டிகிரி இங்கே செல்லுமா?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். ஊரில் ஐடி டிகிரி முடித்துக் கிளிநொச்சியிலிருந்து கனடாவின் ஸ்காபரோ வந்து எட்டு மாதம். வேலை விளம்பரத்தில் பத்து விஷயம் கேட்டால் ஆறு நீங்கள் படிக்காதவை. மறுபடி ஒரு கல்லூரியில் முதலிலிருந்து சேருவதா? ஊரில் இரண்டாம் வருஷம் ஐடி படிக்கிற தங்கச்சிக்கு என்ன சொல்வது?

இப்போதைக்குச் சேர வேண்டாம். நான் முள்ளியவளை, இங்கே வந்து பதினாறு வருஷம். அந்த விளம்பரப் பட்டியலை எழுதுகிறவர்களில் இப்போது நானும் ஒருத்தி. பத்தும் தெரிந்த ஆள் எங்கள் குழுவிலேயே கிடையாது. அதில் பாதி, கருவிகளின் பெயர். சில வருஷத்தில் மாறிவிடும். தரவுத்தளம், வலையமைப்பு, இயங்குதளம் என்று நீங்கள் படித்தவை அவ்வளவு சீக்கிரம் பழசாகாது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. என் முதல் நேர்முகத்தில் யாரோ எழுதிய ஜாவா புரோகிராம் ஒன்றைக் கையில் தந்து, பிழை எங்கே என்று கேட்டார்கள். வெறும் தாளில் புதிதாக எழுதச் சொல்லியிருந்தால் எழுதியிருப்பேன். இன்னொருவர் எழுதியதை வாசித்துப் பழக்கமே இல்லை. அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த வேலை கிடைக்கவில்லை. அப்புறம் மூன்று மாதம், தினமும் மற்றவர்கள் இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் புரோகிராம்களை இறக்கி வாசித்தேன். நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும். புரோகிராமில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) என்ற கருவியைப் பழகுங்கள், ஒரு சின்னப் பிழையையாவது திருத்தி அனுப்புங்கள், நீங்கள் எழுதுவது சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்டையும் நீங்களே எழுதுங்கள். நேர்முகத்தில் பேச அது போதும்.

இங்கே படிப்பையும் வேலையையும் எப்படி இணைக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வோட்டர்லூ பல்கலைக்கழகம் 1957இல் தொடங்கியபோதே சில மாதம் படிப்பு, சில மாதம் சம்பள வேலை என்று மாறி மாறி அனுப்பும் கோ-ஒப் முறையோடுதான் தொடங்கியது. நம் ஒன்ராறியோ மாகாணத்தின் அரசுக் கல்லூரிகளில் பாடநெறிகளுக்கு ஆலோசனைக் குழு இருக்கும்; வெளியே வேலை செய்கிறவர்கள் அதில் உட்கார்ந்து பாடத்திட்டம் பற்றிப் பேசுவார்கள். நானும் ஒன்றில் இருந்தேன். ஆளாளுக்குத் தன் நிறுவனம் பாவிக்கும் மென்பொருளைப் பாடமாக்கச் சொல்வார்கள். ஆசிரியர்கள் மறுப்பார்கள், அதில் நான் ஆசிரியர்கள் பக்கம். ஒரு முதலாளியின் இன்றைய தேவைக்காக டிகிரியை வளைத்தால், பிள்ளை படித்து முடிக்கும்போது அந்தத் தேவையே இருக்காது. ஏசிஎம் (ACM), ஐஇஇஇ (IEEE) என்ற உலகளாவிய கணினி, பொறியியல் துறை அமைப்புகள் ஐடி பட்டப்படிப்புக்கென்று 2017இல் தந்த வழிகாட்டியும் பாடத் தலைப்புகளோடு நிற்கவில்லை. அறிவு, செய்திறன், வேலையில் நடந்துகொள்ளும் மனப்பாங்கு மூன்றும் சேர்ந்ததே தகுதி என்கிறது.

சரி, தங்கச்சிக்கு வருவோம். வோட்டர்லூ முறையை வன்னிக்கு அப்படியே கொண்டுபோக முடியாது. மென்பொருள் நிறுவனங்கள் பெரும்பாலும் கொழும்பில். ஆனால் படிக்க இடம் இப்போது இருக்கிறது. பம்பைமடுவில் 2021இலிருந்து வவுனியாப் பல்கலைக்கழகம், கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள், ஜேர்மன் உதவியில் வந்த பயிற்சி நிறுவனம். வேலை கொடுக்க நிறுவனம் பக்கத்தில் இல்லாவிட்டாலும், வேலை இருக்கிறது. கிளிநொச்சி இரணைமடுக் குளத்தை நம்பி, மழை குறைந்த மாதங்களில் செய்யும் சிறுபோகத்துக்கு எவ்வளவு விதைக்கலாம் என்பதைக் குளத்து நீரைப் பார்த்துக் கூட்டம் போட்டுத்தான் முடிவெடுப்பார்கள். யாருக்கு எத்தனை ஏக்கர், எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் என்ற பட்டியலைப் போனில் தமிழில் பார்க்க ஒரு செயலி செய்யட்டும். பத்துக் கமக்காரர் ஒரு போகம் முழுக்க அதைப் பாவித்து, "பிள்ளை, இது வேலை செய்யேல்லை" என்று வந்து நிற்கட்டும். திருத்தட்டும். அதைச் செய்த பிள்ளையை நேர்முகத்தில் கண்டால் நான் இரண்டாவது கேள்வி கேட்கமாட்டேன். நூலக முகாமைத்துவ முறைமை என்ற இறுதி வருஷ புரொஜெக்டை எத்தனையோ விண்ணப்பத்தில் பார்த்தாயிற்று. ஒன்றையும் எந்த நூலகரும் தொட்டதாகத் தெரியவில்லை.

அவள் எழுதும் புரோகிராமை வாசித்துக் குறிப்பு எழுத எனக்கு நேரம் இருக்கிறது. இணையத்தில் சந்திப்போம். ஞாயிறு காலை இங்கே ஒன்பது மணி என்றால், கோடை காலத்தில் ஊரில் மாலை ஆறரை. கூடப் படிக்கிற பிள்ளைகளையும் கூட்டிவரச் சொல்லுங்கள். நீங்களும் வந்து இருங்கள், தம்பி. மற்றவர்களின் புரோகிராமை வாசிக்கிற பழக்கம் உங்களுக்கும் அங்கேயே தொடங்கட்டும்.