பார்த்தேன், ஆனால் தெரியவில்லை: கேள்வி பதில்

கல்லூரியில் உளவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பார்வை, கவனம், நினைவு பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

டீச்சர், போன மாதம் வலப்பக்கம் திரும்பும்போது எதிரே வந்த பைக்கில் காரை இடித்துவிட்டேன். சத்தியமாகப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன். வீட்டில் யாரும் நம்பவில்லை.

நான் நம்புகிறேன். கண் போகும் இடமெல்லாம் கவனம் போவதில்லை. 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்கேன் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட 24 மருத்துவர்களிடம் நுரையீரல் சி.டி. ஸ்கேன் படங்களைக் கொடுத்துக் கட்டி இருக்கிறதா என்று தேடச் சொன்னார்கள். நடுவே ஒரு கொரில்லா படத்தைச் செருகியிருந்தார்கள். வழக்கமான கட்டியைப் போல 48 மடங்கு பெரிது! 20 பேர் அதைக் கவனிக்கவே இல்லை. கண்ணசைவைப் பதிவு செய்து பார்த்தால், அந்த 20 பேரில் 12 பேரின் பார்வை நேராக கொரில்லா மேலேயே விழுந்திருக்கிறது. தேடியது கட்டியை, கொரில்லாவை யார் தேடினார்கள்?

நீங்களும் லாரி, பஸ் வருகிறதா என்று பார்த்திருப்பீர்கள். நான் திரும்பும் முன் "பைக் வருதா?" என்று வாய்விட்டே கேட்டுக்கொள்வேன். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. ஆனால் ஒன்று, பைக்காரரிடம் போய் இந்தக் கொரில்லா கதையைச் சொல்லாதீர்கள்.

சித்தியிடம் கத்தியைக் காட்டிச் சங்கிலியைப் பறித்துவிட்டார்கள். கத்திப் பிடியின் நிறத்தைக்கூடச் சொல்கிறார், ஆள் முகம் சொல்ல வரவில்லை. பயத்தில் குழம்பிவிட்டாரா?

குழப்பம் இல்லை. கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஒரே நேரத்தில் கண்ணுக்குக் கூர்மையாகத் தெரிவது கிட்டத்தட்ட அவ்வளவு இடம்தான். அந்த இடத்தைக் கத்தி பிடித்துக்கொண்டால் முகத்துக்கு என்ன மிச்சம்? நினைவை ஆராயும் உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸின் குழுவினர் 1987-ல் இதைச் சோதித்தார்கள். உணவகக் கல்லாவில் ஒருவர் காசோலை நீட்டும் படங்கள் சிலருக்கு, அதே ஆள் துப்பாக்கி நீட்டும் படங்கள் மற்றவர்களுக்கு. துப்பாக்கியைப் பார்த்தவர்களின் கண் அதிலேயே அதிக நேரம் நின்றது; ஆளை அடையாளம் காட்டுவதில் அவர்களே பின்தங்கினார்கள்.

தயவுசெய்து "மீசை இருந்ததா சித்தி?" என்று எடுத்துக் கொடுக்காதீர்கள். நாளைக்கு அந்த மீசை அவர் நினைவிலேயே முளைத்துவிடும்.

சுனாமிச் செய்தியை நான் டிவியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். படம் போல நினைவிருக்கிறது. தானே போனில் சொன்னதாக அண்ணன் சாதிக்கிறார். யார் சொல்வது சரி?

எனக்கென்னவோ அந்த டிவிதான் இடிக்கிறது. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாளே உளவியல் ஆய்வாளர்கள் உல்ரிக் நைசர், நிக்கோல் ஹார்ஷ் இருவரும் அட்லாண்டாவில் மாணவர்களிடம் 'செய்தியை எப்படி அறிந்தீர்கள்' என்று எழுதி வாங்கினார்கள். இரண்டரை ஆண்டு கழித்து 44 பேரிடம் அதே கேள்வி. சுமார் கால்வாசிப் பேர் சொன்னதில் ஒன்றுகூடப் பழைய பதிலோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் அடித்துச் சொன்னார்கள். வேறு விதமாக எழுதிக் கொடுத்திருந்த பலர், இப்போது டிவியில்தான் பார்த்தோம் என்றார்கள். அவர்கள் கையெழுத்தையே காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை.

அதிர்ச்சியில் சுரக்கும் அட்ரினலின், நடந்த விஷயத்தின் மையத்தை அழுத்திப் பதிக்க உதவுகிறது. கடல் உள்ளே வந்தது மறக்காது. யார் சொன்னார், எந்த அறை என்பதெல்லாம் அப்படி நிற்பதில்லை. அதே காட்சிகளை டிவியில் நாள் கணக்கில் பார்த்தோம் அல்லவா, அதில் கலந்துவிடும். அதற்காக அண்ணன் சொல்வதுதான் சரி என்று நான் சொல்லவில்லை; அவருடையதும் நினைவுதானே. அன்று யாராவது டைரி எழுதியிருந்தால் தேடிப் பாருங்கள்.

போன் ஓசையில்லாமல் கவிழ்ந்து கிடந்தாலும் கண் அங்கேயே போகிறதே?

பலன் கொடுத்துப் பழக்கிய பொருள் அது. 2011-ல் ஓர் ஆய்வில் குறிப்பிட்ட நிற வட்டத்தைக் கண்டுபிடித்தால் காசு கொடுத்தார்கள். பிறகு வைத்த தேடலில் காசும் கிடையாது, நிறத்துக்கு வேலையும் கிடையாது. இருந்தும் கவனம் அந்த நிறத்துக்கு இழுபட்டு வேலை தாமதமானது. போனை வேறு அறையில் வையுங்கள்.

தினமும் பார்க்கும் பொருள் தானாகவே மனதில் பதிந்துவிடாதா?

வழக்கமான பத்து ரூபாய் நாணயத்தைப் பார்க்காமல் இரண்டு பக்கமும் வரையுங்கள். நான் வரைந்ததில், மறுபக்கம் இருக்க வேண்டிய சிங்கத் தூணை, பத்து என்ற எண் இருக்கும் பக்கத்திலேயே போட்டிருந்தேன்.